கீழ்வீட்டுப் பாசி

மாலைச் சங்கு ஊதியதும் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அவரவர் தொட்டிக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவோம். பகல் வெயிலில் ஆவியானதை ஈடுகட்ட வேண்டுமே. அதன் பிறகுதான் காப்பி.

கடல் சூடாகி மீன்கள் செத்தபின், மிச்சமிருந்ததைத் தூத்துக்குடி வீடுகள் பங்கிட்டுக்கொண்டன. வீட்டுக்கு ஓர் உயிர், ஒரு கண்ணாடித் தொட்டி. வீட்டுக்கடல் என்று பெயர். கடல் குளிர்ந்ததும் திருப்பி விட வேண்டும். ஒரு வீட்டு நீர் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது, நோய் பரவும் என்பது கடல்காப்பகத்தின் சட்டம். உயிர் செத்தால் தொட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்களுக்கு வாய்த்தது பட்டுமீன். சுண்டுவிரல் நீளம்தான், மிடுக்குக்குக் குறைவில்லை. காப்பகத்தின் உருண்டைத் தீனியை முகர்ந்தும் பார்க்காது. மணலில் நெளியும் பொடிப் பூச்சிகள்தான் வேண்டும். இருந்ததையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு இப்போது வயிறு ஒட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

என் கணவர் கிளாட்வின் ஒரு வழி கண்டுபிடித்தார். தொட்டி விளிம்பில் ஒரு வழிவாய். அதில் நிரம்பி வழியும் நீர் பைப்பில் இறங்கிக் கீழே ஓர் அடைக்கலத் தொட்டிக்குப் போகும். அங்கே மீன் கிடையாது, பாசி மட்டும். பூச்சிகள் பயமில்லாமல் பெருகும். பம்பு நீரை மேலே அனுப்பும்போது நாலு பூச்சியும் கூடவே வந்து சேரும்.

"பாசிக்கு எங்க போவீங்க?" என்றேன்.

"மொதல்ல தண்ணி ஓடட்டும், டெல்பின்."

ஓடியது. கரண்ட் போகும்வரை ஓடியது. மனிதர் பம்புக் குழாயின் நுனியை மேல் தொட்டியின் அடிவரை இறக்கியிருந்தார். பம்பு நின்றதும் நீர் அதே குழாய் வழியே திரும்பி இறங்கி, கீழ்த் தொட்டி பொங்கி, தரையெல்லாம் கடல். நான் குழாயை வெளியே இழுப்பதற்குள் கீழ்வீட்டுக் கூரை சொட்ட ஆரம்பித்துவிட்டது.

கீழ்வீட்டில் மொகுதூம் காக்கா என்ற பெரியவர் தனியாக இருக்கிறார். யாரையும் உள்ளே விடாதவர். துணியும் வாளியுமாகப் போய் நின்றேன்.

"நானே தொடச்சுக்குறேம்மா."

"எங்க தண்ணி காக்கா, நாங்கதான் தொடைக்கணும்."

தொட்டிமேல் அவர் போர்த்தியிருந்த போர்வை நனைந்திருந்தது. பிழிய எடுத்தேன். உள்ளே மீன் இல்லை. ஒரே பச்சைப் பாசி.

"போன வருசமே மௌத்தாப் போச்சு," என்றார் தரையைப் பார்த்தபடி. "சொன்னா இதையும் எடுத்துட்டுப் போயிருவாங்க. வீட்டுல வேற யாரு இருக்கா."

நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன். பாசிக்குள் பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கில் துள்ளிக்கொண்டிருந்தன. தின்ன ஆளில்லாமல் ஒரு வருடமாகப் பெருகியவை.

"வேணும்னா அள்ளிட்டுப் போம்மா," என்றார் காக்கா.

அள்ளியிருக்கலாம். அப்புறம் அவரிடம் என்ன இருக்கும், வெறும் கண்ணாடி. கிளாட்வினைக் கூப்பிட்டேன். வழிவாய்ப் பைப் தரையைத் துளைத்துக் காக்காவின் தொட்டிக்கு இறங்கியது. பம்புக் குழாயின் நுனி இந்த முறை நீர்மட்டத்தோடு நின்றது. பட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் புத்தி வரும். தினமும் சங்கு ஊதியதும் காக்கா மேலே வந்து மீனைப் பார்ப்பார், எங்களோடு காப்பி குடிப்பார். மீனின் வயிறு உருண்டது.

ஒருநாள் காப்பக அலுவலர் பொற்கொடி சோதனைக்கு வந்தார். பைப்பைப் பார்த்தார். அது போன வழியே படியிறங்கிக் காக்காவின் தொட்டிமுன் நின்றார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

"இது யாரோட கடல்?"

"அவங்களது," என்று காக்காவைக் காட்டினேன்.

"அவுங்களுதுதான்," என்று காக்கா எங்களைக் காட்டினார்.

பொற்கொடி மறுபடி மேலே வந்து, பட்டுமீன் ஒரு பூச்சியைக் கொத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"எங்க வீட்டுலயும் செத்துப்போச்சு. பாசி மட்டும் கெடக்கு. தூக்கிப்போட மனசு வரலை," என்றார். "அடுத்த தெருதான். இந்த பைப்பு அவ்வளவு தூரம் வருமா?"

கிளாட்வின் அளவு டேப்பைத் தேடிப் போனார். நான் காப்பிக்கு இன்னொரு டம்ளர் எடுத்தேன்.