இரண்டு தட்டு

காலையிலிருந்து மூன்றாவது முறையாக வண்டியின் பின்புற இரும்பில் யாரோ இரண்டு தட்டு தட்டினார்கள். சுந்தரமூர்த்தி திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. ஆறாம் தூண் மட்டும் நின்றது, புதுச் சுண்ணாம்பு பூசி.

பொம்மனஹள்ளி குடோனில் அன்று, 1997இல், ஆயுத பூஜை. டீசல் புகையும் சாம்பிராணியும் ஈர அட்டைப்பெட்டிகளின் வாடையும் கலந்து தகரக் கூரையின் கீழ் அசையாமல் நின்றன. எங்கோ ஒரு புறா சிறகடித்த சத்தம் சரக்கு அடுக்குகளுக்கு நடுவே நெடுநேரம் சுற்றி அடங்கியது.

அவன் ஓட்டும் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் ரிவர்ஸ் ஹார்ன் கெட்டு ஒரு வருஷம். லோடிங் ஆள் ஆராவமுதன்தான் பின்னால் நின்று தட்டுவார். ஒரு தட்டு, நில். இரண்டு தட்டு, வா. போன மாதம், சாப்பாட்டு அவசரத்தில், தட்டுக்குக் காத்திராமல் சுந்தரமூர்த்தி வண்டியைப் பின்னால் எடுத்தான். ஆராவமுதன் அந்த ஆறாம் தூணுக்கும் வண்டிக்கும் நடுவே நசுங்கி, நின்றபடியே இறந்தார்.

"ரெண்டு தட்டு தட்டினார் சார், அதான் வந்தேன்" என்று போலீஸிடம் சொன்னான். நம்பினார்கள்.

இறந்தவரின் மனைவி வனஜாவுக்கு அங்கேயே பெருக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். அவள் ஒரு கிண்ணம் பொரிகடலையை நீட்டினாள்.

"சாப்பிடுங்கண்ணா. இன்னும் அதையே நெனச்சிட்டு இருக்கீங்களா?"

"இல்லம்மா."

"அவருதானே தட்டினாரு, நீங்க என்ன பண்ணுவீங்க. பொண்ணு கேட்டா. அப்பா மேலதான் தப்புன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு அவள் அப்பாவைத் திருப்பிக் கொடுக்க ஒரு வார்த்தை போதும். கடவுள் அதை அவன் நாக்கில் வைத்தும் விட்டார். பொரியோடு சேர்த்து விழுங்கினான்.

"ஏறி உக்காருங்க. நான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறேன்."

ஏறினான். எஞ்சின் அணைந்திருந்தது. சாவி சட்டைப்பையில். முன் சக்கரங்களுக்கு வைத்துவிட்டு அவள் பின்னால் போய்க் குனிந்தாள், தூணில் முதுகு பட.

தட்டு. தட்டு.

திரும்பினான். அவளுடைய இரண்டு கையிலும் பழம்.

சக்கரம் உருண்டது. பின்னால்.

பிரேக். மிதித்தான். நிற்கவில்லை. அவள் கையிலிருந்து விழுந்த எலுமிச்சம்பழம் நசுங்கிய வாசனை.

"வனஜாம்மா, அவர் தட்டல. அவர் தட்டவே இல்ல."

ஒரு தட்டு.

வண்டி நின்றது. அவளுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு விரற்கடை.

"என்னண்ணா சொன்னீங்க?"

அவளுடைய தோளுக்கு மேலே, தூணிலிருந்து நீண்ட, சுண்ணாம்பு அப்பிய ஒரு கை, அடுத்த தட்டுக்கு ஓங்கியபடி காத்திருந்தது.