கழித்துவிட்ட மூச்சு

1983-இல் ஜவ்வாது மலைக்கு ஜீப்பில் கருவிகளோடு ஏறியபோது அருணகிரிக்கு ஒரே கவலைதான். கண்ணாடித் தகட்டில் படிந்த இரும்புப் படலம் துருப்பிடிப்பதற்குள் சுத்தமான வளைகோடு ஒன்று வேண்டும். கிடைக்காவிட்டால் மூன்று வருட ஆராய்ச்சி அம்போ! காந்தத்தைத் திருப்பினால் படலத்தில் பட்டுவரும் லேசர் ஒளி மயிரிழையளவு திரும்பும். அதை அளந்து வளைகோடாக வரைய வேண்டும். சென்னையிலோ பஸ் போனாலே பதிவுக் கருவியின் பேனா பேயாட்டம் ஆடியது.

காட்டோரம் ஆளில்லாத கல்வீடு கிடைத்தது. பின்சுவரை ஒட்டி ஒரு பெண் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். பெயர் செல்லி.

"கொஞ்சம் நிறுத்துங்கம்மா. அதிருது."

"ஆவாதுங்க சாரு. இந்த வூடு கம்முனு இருந்தா உள்ள கீறது எழுந்துக்கும். அதான் ஊரே முறை வச்சிக் குத்துறோம்."

அவன் சிரித்தான். படித்தவன் சிரிப்பு. அவள் உலக்கையைச் சாய்த்து வைத்தாள்.

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினான். பகலிலும் உள்ளே கும்மிருட்டு, பூஞ்சை வாடை. பேனா அடங்கியது. ஆனால் கோடு மட்டும் மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

மூச்சு விடுவதுபோல.

தன் மூச்சை அடக்கிப் பார்த்தான். அது நிற்கவில்லை.

லேசரை அட்டையால் மறைத்தான். அப்போதும் ஏறி இறங்கியது.

"செல்லி!" என்று கத்தினான். உலக்கை விழுந்த மறுகணம் பேனா தாறுமாறாகக் கிறுக்கியது. மூச்சு அதில் அமுங்கிப்போயிற்று. அவனுடைய வளைகோடும்தான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. காந்தத்தைத் திருப்பினால் படலத்தின் கோடு தலைகீழாகும்; மூச்சு ஆகாது. இரண்டு பதிவுகளில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மூச்சு ஒழிந்துவிடும். எல்லா இரைச்சலையும் அப்படித்தானே ஒழித்திருக்கிறான்?

"நிறுத்துங்கம்மா."

"வாணாம் சாரு," என்று சுவருக்கு அப்பாலிருந்து கெஞ்சினாள். "உங்க கூடவே ஒட்டிக்கும்."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்!"

வளைகோடு வந்தது, துல்லியமாக. காகிதத்தில் மூச்சின் சுவடே இல்லை.

மறு வருடம் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. வளைகோட்டைப் பார்த்து வியந்த தேர்வாளர் துரைக்கண்ணு, கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். பதிலுக்காக அரங்கமே அமைதியானது.



துரைக்கண்ணு முகம் சுளித்தார். "தம்பி, உங்க பின்னால நிக்கிறவரைக் கொஞ்சம் வெளியே போகச் சொல்லுங்க. மூச்சு ரொம்பச் சத்தமாக் கேக்குது."