ஊதாக் கோடு

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே நாத்தனார் ஏற்றிய வெந்நீர் அண்டா கொதித்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சுப்புலக்ஷ்மி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

மாமனாருக்கு அன்று தெவசம். கணவர் சுவாமிநாதன் தலைக்குக் குளித்து மடி வேஷ்டி கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவருடைய அக்கா விஜயலக்ஷ்மி கோபாலபுரத்திலிருந்து முதல் நாளே மயிலாப்பூருக்கு வந்துவிட்டாள்.

சுவாமிநாதனின் வலது விலாவுக்குக் கீழே, வயிற்றில் ஊதா மையால் ஒரு சதுரம் வரைந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கரண்ட் வைப்பதற்காக, அதாவது கதிர் சிகிச்சைக்காகப் போட்ட கோடு. பத்து முறை வைக்க வேண்டும், ஆறு முடிந்திருந்தது. பத்தும் முடியும்வரை அதில் தண்ணீர் படக் கூடாது.

கல்லீரலில் வீக்கம், கரண்ட் வைத்தால் கரைந்துவிடும் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தாள். புற்றுநோய் என்பதை டாக்டர் அவளிடம் மட்டும் சொன்னார். அறுவை செய்ய முடியாது. கரண்ட் வைத்தால் கட்டி சுருங்கி வலி குறையலாம், அவ்வளவுதான். கோடு விரற்கடை நகர்ந்தாலும் மிச்சமிருக்கும் நல்ல பாகம் வெந்துபோகும். அப்புறம்... டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள்தான் தினமும் முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸ் நண்பர் ஒருவர், அந்த நோயின் பெயரைக் கேட்ட மறுநாளிலிருந்தே சோறு இறங்காமல் போய்ச் சேர்ந்ததைச் சுவாமிநாதன்தான் அவளிடம் சொல்லியிருந்தார். அதனால் யாரிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"எட்டு நாளா குளிக்காதவன் கையாலயா அப்பாவுக்குப் பிண்டம்? வீக்கத்துக்கு இப்படி ஒரு பத்தியமா? உனக்கு வெந்நீர் போட அலுப்பு, அதுக்கு டாக்டர் பேரைச் சொல்றே" என்றாள் விஜயலக்ஷ்மி.

கோடு அழிந்தால் திரும்பப் போட்டுவிடுவார்கள் என்று சுவாமிநாதன் சிரித்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சுப்புலக்ஷ்மி ஓடிப்போய் குளியலறை வாசலில் நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நின்றுவிடுவார். அந்த வார்த்தை வரவில்லை. வேறொன்று வந்தது.

"கிட்ட வராதேங்கோ... நான் தூரமாயிட்டேன்."

மனைவிக்கு விலக்கு என்றால் தெவசம் ஐந்தாம் நாளுக்குத் தள்ளிப்போகும். ஐந்தாம் நாள் சனிக்கிழமை. வெள்ளியோடு பத்தும் முடிந்துவிடும். புடவைத் தலைப்புக்குள் விரலை மடக்கி எண்ணிவிட்டுத்தான் சொன்னாள். ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள்.

இத்தனை நாள் இல்லாமல் இப்போதா என்று முணுமுணுத்துக்கொண்டே சுவாமிநாதன் கூடத்துக்குத் திரும்பினார். விஜயலக்ஷ்மி நகரவில்லை. துவைக்கிற கல்லருகே அவளை அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. நீயேதான் எங்கிட்ட சொன்னே. தெவசத்தன்னிக்கு இப்படி ஒரு பொய்யா? யாரை ஏமாத்தறே?"

சுப்புலக்ஷ்மி கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"கேன்சர் அக்கா... அவருக்குத் தெரியாது. கோடு அழிஞ்சா என்ன ஆகுமோன்னு... எனக்கு பயமா இருக்கு அக்கா."

இப்போது அக்கா கத்துவாள், கூடத்துக்குக் கேட்டுவிடும் என்று சுப்புலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள். வாசலில் சாஸ்திரிகளின் சைக்கிள் மணி கேட்டது. விஜயலக்ஷ்மி முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் கூடத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னிக்கு இல்லை சாஸ்திரிகளே, அவ தூரம். சனிக்கிழமை வாங்கோ. இந்த வயசுல அப்படித்தான், சொல்லிண்டா வரும்?"

சுப்புலக்ஷ்மி வாயில் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள்.

நாலு நாளும் அவள் பின்கட்டு அறையில் தனித்தட்டில் சாப்பிட்டாள். தம்பியை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அக்காவே அழைத்துப் போனாள். முதல் நாள் திரும்பி வந்து, காபி டம்ளரை எட்டத்தில் வைத்துத் தள்ளினாள். கூடத்திலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார், தொட முடியாது.

"பெரிய கதவைச் சாத்திண்டு எல்லாரும் வெளியில வந்துட்டா. உள்ள அவன் மட்டும்... இதை ஆறு நாள் ஒண்டியா பாத்திண்டு நின்னியா? உன்னைப் போய் அலுப்புன்னேனே" என்று கிசுகிசுத்தாள்.

சனிக்கிழமை காலை குளியலறைக்குள் செம்பு செம்பாகத் தண்ணீர் விழுந்தது. இரண்டு நாளாக வலி கொஞ்சம் தேவலை என்று உள்ளிருந்தே சொன்னார் சுவாமிநாதன். வெளியே சுப்புலக்ஷ்மி சுவரில் சாய்ந்து நின்றாள். இனிமேல் கோடு இல்லை, காவல் காக்க ஒன்றுமே இல்லை...

விஜயலக்ஷ்மி அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஜலதாரையில் தண்ணீர் லேசான ஊதாவாக ஓடியது. அது தெளியும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.