ஹுய்யாங் பிறந்த கதை

காலை ஆறு மணி. செங்கல் சூளையின் கொட்டடியில் நான்கு கோவேறு கழுதைகள் நிற்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் நின்றன. காணாமல் போனது எப்போதும் முன்னே நடக்கும் பெரியவள்.

"காவக்காரன்தான் கூட்டுக் களவாணி. உள்ள தள்ளுங்க மேடம்," என்று குதித்தார் சூளை முதலாளி. "ஹுய்யாங்னு சொல்லாம எங்க கழுதைங்க காலை எடுத்து வைக்காது. எவன் சொல்லியிருந்தாலும் இவன் காதுல விழுந்திருக்கணும்!"

"சத்தியமா கண்ணு மூடலைங்க. குளம்புச் சத்தம்கூட கேக்கல." பிள்ளைகள் பார்க்க விலங்கு மாட்டிக்கொண்டு நடக்க வேண்டுமே என்ற நினைப்பிலேயே சூளையின் இரவுக் காவல்காரர் பாதியாகியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மா பின்வாசல் புழுதியில் குனிந்தார். குளம்புத் தடம் வெளியே போயிருந்தது. இரும்பு விளிம்போ ஆணித் தலையோ பதியாத மொழுமொழுத் தடம்.

"அந்த ஹுய்யாங்ங்கிற வார்த்தை எங்கேர்ந்து வந்தது?" என்று நிமிர்ந்தார்.

"எங்க முப்பாட்டனார் போர்க்களத்துல குதிரைக்குச் சொன்னது!" முதலாளி மீசையை நீவினார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த லாடக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டது. "அளக்காதீங்க முதலாளி. மொதல்ல இங்க கழுதை ஓட்டினவருக்கு இடுப்புப் பிடிப்பு. கழுதையோட தோளைத் தள்ளும்போதெல்லாம் வலியில ஹுய்யாங்னு முனகுவாரு. பின்னால வந்தவங்க இடுப்பு நல்லா இருந்தும் முனகிக்கிட்டே தள்ளுறாங்க."

"நேத்து இங்க வந்தீங்களா?" என்று அவரைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"சாயங்காலம். நாலுக்கும் புது லாடம் அடிச்சேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு கழுதைக்கு எதிரே நின்று, கைதி நடுங்கும் குரலில், "ஹுய்யாங்!" என்றார். அது அவரை ஏற இறங்கப் பார்த்ததோடு சரி. அடுத்து வாயே திறக்காமல் தோளில் உள்ளங்கை வைத்துத் தள்ளினார். சமர்த்தாக நடந்தது. கல்தரையில் லாடம் டக்டக்கென்றது.

"வார்த்தை பிறந்த கதை தெரிஞ்சவருக்கு வார்த்தையே வேண்டாம்," என்று லாடக்காரர் பக்கம் திரும்பினார். "வெளியே போன தடத்துல லாடம் இல்ல. அதான் சத்தமும் கேக்கல. பெரியவளுக்கு நீங்க அடிக்கல, கழட்டினீங்க. எங்கே அவ?"

லாடக்காரரின் சிரிப்பு வடிந்தது. "என் பட்டறையில. குளம்பு சீழ் வெச்சிருக்கு மேடம். ஒரு மாசம் ஓய்வு குடுங்கன்னு முதலாளிகிட்ட கெஞ்சினேன். செங்கல்லை உங்கப்பனா சுமப்பான்னாரு." காவல்காரர் பக்கம் திரும்பினார். " அண்ணே, பழி உங்க மேல விழும்னு யோசிக்கல. மன்னிச்சுடுங்க."

இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். "கழுதையைத் திருடினது ஒரு கேஸ். புண்ணுக்காலோட சுமக்க வெச்சது இன்னொண்ணு. ரெண்டையும் எழுதவா, ரெண்டையும் விடவா?"

"ஒரு வாரம் ஓய்வு தரேன் மேடம்."

"பேனாவை எடுக்கட்டுமா?"

"ஒரு மாசம்!"

காவல்காரர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பட்டறைக்குப் போய், பெரியவள் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். லாடக்காரர் மருந்து வைத்தார்.

"அடுத்த தடவை திருடுறதா இருந்தா சொல்லிட்டுத் திருடுப்பா," என்றார் காவல்காரர். "அந்தப் பக்கத் தோளை நான் தள்ளுறேன்."