சாத்திய அறையின் குளிர்

ஏசி ஓடாமல் நின்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தும், அன்று அஸர் தொழுகை முடிகிற நேரத்தில் அதன் வாய்ப்பலகை தானாகத் திறந்தது. ஸலாம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஸரீனா அதைக் கண்டாள். சுவரின் உச்சியில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியின் அடியில், அந்த மெல்லிய பிளாஸ்டிக் பலகை, தூங்குகிறவர் உதட்டைப் பிரிப்பதுபோல மெதுவாக இறங்கிப் பாதியில் நின்றது. காற்று வரவில்லை. கராம்பு வாசனை மட்டும் வந்தது.

வாசனைச் சரக்கு விளையும் பலாபத்வலையில் கராம்பு மணப்பது அதிசயமில்லை. அடுத்த அறை முழுக்க அவளுடைய புருஷன் வாங்கிக் கட்டிப் போட்ட கராம்பும் மிளகும்தான். ஆனால் இது சாக்கு மூட்டையின் மணம் இல்லை. கராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு ஒருவர் முகத்துக்கு நேரே மூச்சு விட்டால் வரும் ஈரமான மணம். அப்படி மூச்சு விட்டவர் அவள் புருஷன் மீராசாஹிப். அவர் மவுத்தாகிவிட, விதவையாக அவள் இத்தா இருக்கிற அறை இது. இத்தா முடியும்வரை அந்நிய ஆண் எவர் கண்ணிலும் படாமல், ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவள் இங்கேதான் இருக்க வேண்டும்.

அந்த மெஷினை வாங்கிப் பூட்டிய காலத்தில், பெண்சாதிக்கு வெக்கை ஆகாதென்று எவ்வளவு செலவு செய்கிறார் பாருங்கள் என்று ஊரே மீராசாஹிபைப் புகழ்ந்தது. உள்ளே நடந்தது ஊருக்குத் தெரியாது. முதலில் ஜன்னலைச் சாத்துவார். திரையை இழுத்துவிடுவார். ஏசியை முழு வேகத்தில் வைப்பார். அதற்குப் பிறகுதான் இடுப்புப் பட்டியைக் கழற்றுவார். வெளியே போவது மெஷினின் இரைச்சல் மட்டும். அதையும் பெருவீதியில் தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறிகள் விழுங்கிவிடும். பின்வீட்டு உம்மு குல்தூம் ஒருமுறை, "ஒங்க மெஷின் என்னா சத்தம் போடுது, பழுதா?" என்று கேட்டாள். ஸரீனா ஆமென்று சொன்னாள்.

இப்போது அதைத் திருத்த வேண்டும் என்று நின்றது மகன் ஹாஷிம்தான். சித்திரை வெயிலில், சாத்திய அறைக்குள் உம்மா வேகிறாரே என்ற கவலை அவனுக்கு. இவ்வளவு வளர்ந்தும் ஒரு பூனையைக்கூட விரட்டி அடித்ததில்லை அவன். அந்த வாழ்க்கையிலிருந்து தான் காப்பாற்றி எடுத்தது ஒன்றே ஒன்று என்றால், அது மகனுடைய அந்தச் சாந்தம்தான் என்று ஸரீனா நினைத்திருந்தாள். அதனாலேயே அவளால், மெஷின் வேண்டாம், கழற்றி எறி என்று சொல்ல முடியவில்லை. ஏன் என்று கேட்பான்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஸரீனா மூட்டை அறைக்குள் போய் இடைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

வந்தவர் இரத்தோட்டைப் பக்கத்து ஜெஸ்டின் என்ற மெக்கானிக். ஏணியை விரிக்கும் சத்தமும், அவருடைய குரலும் கதவைத் தாண்டித் தெளிவாகக் கேட்டன.

"இதுக்கு முந்தி யாரு தம்பி பாத்தது?"

"டவுன்ல இருந்து ஒராள் வந்தாரு. வந்து வந்து கேஸ் போட்டாரு. போட்ட கையோட குளிரும், பொறகு பழையபடிதான்."

"கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? உள்ளுக்குள்ளயே சுத்துற சாமான் அது. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை. ஓட்டைய அடைக்காம கேஸ் போட்டா ஒங்க காசு காத்தோட போகும்."

"அப்ப அந்தாளு கட்டுற வீட்டுக்கு நாங்கதான் சீமெந்து எறக்கியிருக்கோம்."

ஜெஸ்டின் சிரித்தார். "இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. எவன் வந்தாலும் மூடிய கழட்ட முந்தியே பேசிருங்க. பாக்குறதுக்கு என்ன கூலி, வேலைக்கு என்ன, சாமானுக்கு என்னன்னு. கழட்டிப் போட்ட பொறகு கேட்டா அவன் சொல்றதுதான் வெல. கம்ப்ரசர் போயிருந்தா ரிப்பேரே பண்ணாதீங்க, புதுசு வாங்கிரலாம்."

நல்ல மனிதர் என்று ஸரீனா நினைத்தாள். ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மூடி பிரிந்தது. மலைப்பக்கம் இடி உருண்டது.

பிறகு வேலைச் சத்தம் நின்றுபோனது.

"தம்பி, இதுக்குப் பின்னால செவுருதானே?"

"ஆமா. அங்கிட்டு பலா மரம்."

"இல்ல... விட்ட கை உள்ள போய்க்கிட்டே இருக்கு."

ஏணி தடதடவென்று ஆடியது. யாரோ குதித்த சத்தம். ஜெஸ்டினுக்கு மூச்சு இரைத்தது.

"என் கையப் புடிச்சிச்சு."

"எலியா இருக்கும், பாஸ்."

"எலி வெரலோட வெரல் கோக்குமா தம்பி? எனக்குக் கூலியே வேணாம். நான் போறேன்."

"வெல ஏத்த இப்பிடியும் ஒரு நாடகமா?" ஹாஷிம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "நில்லுங்க. நானே கைய விட்டுப் பாக்குறேன்."

கத்த வேண்டும் என்று ஸரீனாவுக்குத் தோன்றியது. அந்நிய ஆண் இருக்கும்போது குரல் கொடுக்காமல், மகனைக் கூப்பிட விரலால் கதவைத் தட்டுவதுதான் இத்தா தொடங்கியதிலிருந்து அவள் பழக்கம். விரல்தான் முந்திக்கொண்டது. தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

"இருங்க உம்மா, இப்ப முடிஞ்சிரும்," என்றான் ஹாஷிம், அவள் அவசரப்படுகிறாள் என்று நினைத்து. ஏணியில் ஏறினான்.

இடி வீட்டின் மேலேயே விழுந்ததுபோல வெடித்தது. மின்சாரம் போனது. தலைக்கு மேல் மின்விசிறி தளர்ந்து நின்றது. சமையலறையில் குளிர்பெட்டியின் முனகல் அடங்கியது. கூரை ஓட்டில் மழை இறங்கியது. வீட்டில் எதுவும் ஓடவில்லை.

ஏசி ஓடத் தொடங்கியது.

அந்த இரைச்சலை அவளுடைய முதுகு அறியும். கதவுக்கு அடியிலிருந்து குளிர் வந்து அவளுடைய கால்விரல்களை நனைத்தது. கராம்பு மணத்தது. ஹாஷிம் அலறினான். அந்த அலறல் நடுவில் அறுந்தது.

"தம்பி! கைய எடுங்க தம்பி! இழுங்க!"

ஏணி சாய்ந்து விழுந்தது. பிறகு ஒரு அடி. கனமான இரும்பு, சதையில் விழுகிற அடி.

"ஐயோ! என்ன ஏன்..."

இன்னொரு அடி. எலும்பு முறிந்த சத்தம், பச்சை முருங்கைக் கிளை முறிந்ததுபோல. ஜெஸ்டின் அழுதார். அம்மாவைக் கூப்பிட்டார். மாதாவைக் கூப்பிட்டார். பிறகு ஒரு குரல், ஹாஷிமின் தொண்டையிலிருந்து, ஆனால் தாழ்ந்து, பொறுமையாக:

"சத்தம் போடாத. வெளிய கேக்கும்."

ஸரீனா அசையவில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் இத்தாவிலும் வெளியே வரலாம் என்று மௌலவி சொல்லியிருந்தார். அவளைப் பிடித்து வைத்தது இத்தா இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் அசையக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடியும்வரை சுவரோடு இருக்க வேண்டும். உடம்பு அதைத்தான் படித்திருந்தது.

அடி. அடி. ஜெஸ்டினின் குரல் இல்லை இப்போது. அடி மட்டும்.

உள்ளே யாரோ விம்மினார்கள். குழந்தையாக இருந்தபோது ஹாஷிம் விம்முவது அப்படித்தான்.

அவள் கதவைத் திறந்தாள்.

குளிராவி மூடி அறை புகைபோல வெளுத்திருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஜெஸ்டின் மடங்கிக் கிடந்தார். முகம் இருந்த இடத்தில் மூக்கும் வாயும் எதுவென்று தெரியவில்லை. ஒரு கண் மட்டும் அவளைப் பார்த்துச் சிமிட்டியது. பாய் முழுக்க இரத்தம். தொழுகை விரிப்பின் ஓரம்வரை.

ஹாஷிம் நடுவில் நின்றான். அவளைக் கண்டதும் பின்வாங்கினான்.

"உம்மா, வராதீங்க."

"மகன்..."

"வராதீங்க உம்மா. இது என் கை இல்ல."

சட்டையின் வலது கை தோள்வரை கிழிந்து தொங்கியது. முழங்கைவரை அவனுடைய தோல், அவள் குளிப்பாட்டி வளர்த்த மாநிறத் தோல். அதற்குக் கீழே நரைத்த மயிர். தடித்த மணிக்கட்டு. மிளகுக் கறை ஏறிய நகங்கள். சுண்டுவிரல் கோணல். அவளுடைய தாடையில் பட்டு முறிந்து, கோணலாகவே பொருந்திய விரல்.

அந்தக் கை, பிடித்திருந்த மெக்கானிக்கின் ஸ்பேனரைக் கீழே போட்டது. அவசரமில்லாமல் விரல்களை ஒருமுறை விரித்து மடக்கியது. அவள் இருந்த பக்கம் திரும்பியது.

ஹாஷிம் இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, குதிகாலைத் தரையில் ஊன்றினான். இரத்தத்தில் குதிகால் வழுக்கியது. கண்ணீர் ஓடிக்கொண்டிருந்த முகத்தோடு மகன் பின்னால் இழுக்க இழுக்க, அந்தக் கை அவனை இழுத்துக்கொண்டு அவளை நோக்கி வந்தது.