ஏழாம் நம்பர் போத்தல்

ட்ரிங்... ட்ரிங்...!

சிறை மருந்தறையில் தொலைபேசி அலறியது. தாதி அனுஷியாவுக்கு அன்று லீவு. அதிகாரி இராமநாதன்தான் எடுத்தார்.

"ஏழாம் நம்பர் போத்தலா...? சதீஸ்குமார்... சரி, சரி!"

வைத்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த கைதி நஸீபைப் பார்த்தார்.

"உன் கூட்டாளிக்கு டீபி! சளியில கிருமி இருக்காம். இப்பவே தனியறை!"

நஸீபின் கையிலிருந்த துணி நழுவியது.

அது சதீஸ்குமாரின் சளியே இல்லை!

கண்டிக்கு வெளியே இருந்த அந்த ரிமாண்ட் சிறையில் இருமுகிறவர்களுக்கு மட்டும்தான் பரிசோதனை. அதற்கே எல்லோருக்கும் நடுக்கம். நோய்க்கு அல்ல... தனியறைக்கு! அதிகாரி வந்தால் தலையணைக்குள் முகம் புதைத்து இருமுவார்கள். கொடுத்த மாஸ்க்கில் பிளேன்டீ வடிகட்டுவார்கள்.

போன வாரம் வத்தேகம ஊர்ச் சதீஸ்குமார், நஸீபின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான்.

"நஸீப் நானா, திங்கக்கெழம எனக்கு பிணை கேக்குறாங்க. டீபின்னு வந்தா கோட்டுக்கே கொண்டு போக மாட்டாங்க. என் போத்தல்ல நீங்க துப்பிக் குடுங்க நானா! உங்களுக்கு ஒன்னும் இல்லதானே!"

"எனக்கென்ன? வெறும் பீடி இருமல்!"

பெருமையாகத் துப்பிக் கொடுத்தான் நஸீப். மருந்தறை வேலை அவனுடையது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்போது...?

கிருமி அவனுடையது!

இராமநாதன் சிரித்தார். "நீ அதிர்ஷ்டக்காரன்டா! விடுதலை ஓடர் வந்திட்டு. வாசல்ல பொஞ்சாதி புள்ளையோட நிக்குது!"

பிறந்து நாற்பது நாள். மகளை அவன் இன்னும் பார்த்ததே இல்லை. அந்தச் சின்ன நெஞ்சில் நோய் தொற்ற இவன் மூச்சே போதும்!

"சேர்... அந்தச் சளி என்ட! எனக்குத்தான் டீபி வருத்தம்!"

"கூட்டாளியக் காப்பாத்த இப்புடி ஒரு பொய்யா?"

"அல்லாஹ்வுக்காக... என்னையும் சோதிச்சுப் பாருங்க சேர்!"

"ஓடர் வந்தா ஒரு நிமிஷமும் வச்சிருக்க ஏலாது. போ!"

நடைபாதையில் சதீஸ்குமாரை இழுத்துப் போனார்கள்.

"நானா... உண்மையச் சொல்லுங்க நானா!"

நஸீப்தான் சொல்லிவிட்டானே! யார் கேட்டது? நஸீபுக்கு அழுகைதான் வந்தது.

படீர்!

சிறைக் கதவு நஸீபின் முதுகுக்குப் பின்னால் மூடியது. திகனயிலிருந்து பஸ்ஸில் வந்த மனைவி பர்ஹானா, குழந்தையோடு ஓடி வந்தாள்.

"இந்தாங்க, உங்கட மகள்... தூக்குங்க!"

நஸீப் பின்வாங்கினான். முதுகு கதவில் முட்டியது. சட்டையால் வாயைப் பொத்தினான்.

"கிட்ட வராத! எனக்கு..."

இருமல் வந்து வார்த்தையை விழுங்கியது.

"என்னங்க... புள்ளையப் பார்க்க விருப்பமில்லையா?" பர்ஹானாவின் கண்கள் நிறைந்தன.

அவனால் அதைத் தாங்க முடியவில்லை. திரும்பினான். எட்டு மாதமாக 'வெளியே விடுங்கள்' என்று எந்தக் கதவைப் பார்த்துக் கதறினானோ, அதே கதவை இரண்டு கைகளாலும் அறைந்தான்.

"உள்ள விடுங்க சேர்! என்னை உள்ள விடுங்க!"

கதவிலிருந்த சின்ன ஜன்னல் திறந்தது. காவலாளி கொட்டாவி விட்டான்.

"கைதியப் பார்க்க வாறதெண்டா புதன்கெழம வா!"