ஒருவனுக்குக் கிடைத்த இடம்

மரச்சீனிக் கிழங்கு வெந்து ஆறியே போய்விட்டது. அடுக்களைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. விடிந்ததிலிருந்து அந்த வீடு சாவு விழுந்த வீடு போலக் கிடந்தது.

முந்தின நாள்தான் மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. டாக்டர் படிப்புக்கு மனுப்போட்டு, ஒன்றாக ரயிலேறிப் போய், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்த இரண்டு பையன்களில் ஜெபசீலனுக்கு இடம் கிடைத்துவிட்டது. ரசலையனுக்கு இல்லை. யாராவது வராமல் நின்றுபோனால் அடுத்தபடியாக அவனைக் கூப்பிடுவார்களாம்!

ரசலையன் பூங்கனி பெற்ற மகன். ஜெபசீலன் அவள் புருஷன் செல்வதாஸின் அண்ணன் மகன். அவனைப் பெற்றவள் பிரசவத்திலேயே கண்ணை மூடினாள். தகப்பன் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளையாகப் போய்விட்டார். கைப்பிள்ளைகள் இரண்டையும் இரண்டு மார்பிலும் போட்டுப் பால் கொடுத்து வளர்த்தவள் பூங்கனி.

"ஏட்டி பூங்கனி... இப்பம் உனக்குத் திருப்தியா?"

நாத்தனார் சொர்ணம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள்.

"பெத்த பிள்ளைக்க தலையில மண்ணை வாரிப் போட்டது ஆரு? கும்பப்பூ அறுப்புக்கு அவனை வயலில கொண்டு நிறுத்தினது ஆரு? அவன் கதிரு சுமந்தான்... மற்றவன் புஸ்தகம் படிச்சான்! பின்ன எப்படி ஜெயிப்பான்?"

பரீட்சைக்கு முந்தின மாசி மாதம் செல்வதாஸ் வரப்பில் வழுக்கி விழுந்து, கால் முறிந்து வைத்தியர் வீட்டில் கிடந்தார். சொர்ணம்மாள் தம்பிக்குத் துணையாக அங்கேயே இருந்தாள். நாகர்கோவிலில் தங்கி இண்டர்மீடியட் படித்த இருவரில் ரசலையன் மட்டும் அறுப்புக்கு வந்து, பரீட்சை நெருங்கும் வரை களத்திலேயே நின்றான். ஏன் நின்றான் என்பது பூங்கனிக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். சுவரைப் பார்த்து முடங்கிக் கிடந்த மகனைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

ஜெபசீலன் மெல்ல அவள் பக்கத்தில் வந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"சித்தி... நான் போவல்ல. வரல்லேண்ணு எழுதிப் போடுதேன். அந்த இடம் இவனுக்குக் கிட்டும்லா."

செல்வதாஸ் தொண்டையைச் செருமினார். "பிள்ளை மனசறிஞ்சுதான் சொல்லுதான். அண்ணனுக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்..."

"ஒருக்காலும் நடக்காது!"

பூங்கனியின் குரல் அப்படி உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"அவன் உறக்கமிளைச்சுப் படிச்சு வாங்கின இடமாக்கும் அது! அம்மை இல்லாத பிள்ளை தாறாண்ணு சொல்லி நாம கைநீட்டி வாங்கவா? பின்ன நான் எந்த முகத்தோட முட்டுபோட்டு ஜெபிப்பேன்? மக்கா, நீ போணும். போயே தீரணும்!"

"பாத்தியளா! இவ ஒரு அம்மையா?" சொர்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ரசலையன் எழுந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு தாயைப் பார்த்தான்.

"நான் உனக்க வயித்தில பொறந்தவன்தானாம்மா?"

அவ்வளவுதான் கேட்டான். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். பேச்சிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கும் பள்ளிக்கூடக் கூட்டுக்காரன் வீட்டில் இருக்கிறான் என்று பிறகு ஆள் வந்து சொன்னது.

அதன்பின் பூங்கனி வழக்கம்போல நடமாடினாள், வேலை செய்தாள். செல்வதாஸ் அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார். கோயிலுக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சொர்ணம்மாள் முன்னமே எல்லாம் சொல்லிவைத்திருந்தாள். மாவு இடிக்கும்போது பூங்கனி உலக்கையை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அதன்மேலேயே சாய்ந்து நிற்பாள். மறுபடியும் இடிப்பாள். ஜெபசீலனுக்குக் கொடுத்தனுப்ப முந்திரிக்கொத்து செய்ய வேண்டுமே...

பயண நாளும் வந்தது. திருவட்டாறு சந்தியில் திருவனந்தபுரத்துக்குப் போகும் மோட்டார் பஸ் நின்றது. அங்கிருந்துதான் மெட்ராஸுக்கு ரயில். செல்வதாஸ் முன்னால் ஏறிப் பையனுக்கு இடம் பிடித்துவிட்டு இறங்கினார். ஊர் வாய்க்குப் பயந்து சொர்ணம்மாளும் வந்திருந்தாள். ஜெபசீலன் பெட்டியைத் தூக்கக் குனிந்தபோது வேறொரு கை வந்து அதைப் பிடித்தது.

ரசலையன்! முழங்கால் வரை சேறு. மலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறான்.

பெட்டியை பஸ்ஸின் மேல் ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கினான். ஜெபசீலன் அவனைக் கட்டிக்கொண்டு தேம்பினான்.

"கரையாதலே... போயிட்டு வா. நல்லாப் படி." ரசலையன் சொர்ணம்மாள் பக்கம் திரும்பினான். "அத்தை, அறுப்புக்கு என்னை ஆரும் கூப்பிடல்ல. நானாத்தான் வந்தேன். 'ஆளு வச்சு அறுத்துக்கிடுதேன், நீ போய்ப் படி மக்கா'ண்ணு அம்மா அழுதா. நான்தான் போவல்ல. புஸ்தகத்தைத் திறந்தா ஒரு வரி மண்டையில ஏறாது அத்தை... தோத்துருவேனோண்ணு பயம். வயலில நின்னா, தோத்தாலும் சொல்லுகதுக்கு ஒரு காரணம் இருக்கும்லா..."

சொர்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வதாஸ் தலைகுனிந்தார்.

"ஏட்டி... இதை ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? நான் என்னவெல்லாம் பேசினேன்!"

"எப்படிச் சொல்லுவேன் மைனி?" என்றாள் பூங்கனி. "தோத்துட்டு வந்து கிடக்கியவனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு காரணம்தானே... அதையும் நான் பிடுங்கவா?"

ஜெபசீலன் சித்தியின் காலைத் தொட்டுவிட்டு ஏறினான். பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை அவன் கை தெரிந்தது.

வீட்டுக்கு நடக்கத் திரும்பிய பூங்கனி வழியோரக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?"

"எனக்கு வய்ய மக்கா..."

தன்னால் முடியவில்லை என்று அவள் சொல்லி ரசலையன் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். இத்தனை நாள் வராத அழுகை இருவருக்கும் சேர்ந்து வந்தது.

"இனி நான் என்னம்மா செய்ய?"

"அடுத்த வருசம் எழுதிப் போடணும்ணா போடு... வேண்டாம்ணா வேண்டாம். இப்பம் சும்மா எனக்க பக்கத்தில இரு."

மழை தூற ஆரம்பித்தது. வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. சொர்ணம்மாள் தன் ஓலைக்குடையை விரித்து, தான் நனைந்தபடியே அதைப் பூங்கனியின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.